தம்ளர் தண்ணீர் சிந்தாத படகு

டொக், டொக், டொக். நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் டொக், டொக்.

கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த புதிதில், விடிகாலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று போய்த் திறந்தேன். வாசலில் ஒரு கோழி நின்றது. வேறு யாருமில்லை. இவர் பல் தேய்த்துக்கொண்டே பின்னால் வந்து, "வாசல்ல இல்ல கோமு, கடல்ல" என்றார். மடவை மீன் பிடிப்பவர்கள் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, படகின் விளிம்பைக் கட்டையால் தட்டுவார்களாம். சத்தத்துக்கு மிரண்டு மீன் வலைக்குள் ஓடுமாம்.

"கடலோட கதவைத் தட்டுறாங்க. யாரும் திறக்க மாட்டேங்கிறாங்க" என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வயதில் நான் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். இவர் வாயெல்லாம் நுரையோடு நின்று என்னையே பார்த்தார். "கிட்டப் போய்க் கேக்கணுமா?" என்றார். கேட்கணும் என்றேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

இதை எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம், நீங்கள் வந்து கேட்டைத் தட்டினீர்களே, ஏறக்குறைய அதே தாளம். அதனால் ஞாபகம் வந்துவிட்டது. உட்காருங்கள் சார். படகு எங்கும் ஓடிப்போகாது. ஓடாது என்பதுதான் அதன் முதல் குணம்.

அதோ, முருங்கை மரத்தடியில் கிடக்கிறதே, அதுதான். கவிழவே கவிழாத படகு. மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க நான்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உள்ளே பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அடைகாக்கிறது. அளவு நாடாவைப் பையிலேயே வையுங்கள். நீளமும் அகலமும் பார்த்துப் படகு வாங்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் ஒரு பருவம் முழுக்க அலைந்தேன். நீங்களும் ஓய்வு பெற்று வந்தவர், முதல் படகு என்கிறீர்கள். என்னிடம் யோசனை கேட்க வந்தது உங்கள் கெட்ட நேரம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை. முட்டைகூடக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், அறுபத்தாறு வயதில், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த கையோடு, மீன்பிடிப் படகு வேண்டும் என்றார். நீச்சலும் தெரியாது. எதற்கு என்று கேட்டேன். "சும்மா போய் வரத்தான்" என்றார். சும்மா போய் வர பஸ் இருக்கிறது என்றேன்.

அப்போது தை மாதம். வைகாசிக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருப்பதாக முடிவாகியிருந்தது. மருத்துவமனை பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது மகனின் கண்டிப்பு. அதற்குள் ஒரு சொந்தப் படகு வாங்கவேண்டும், கச்சான் என்கிற மேல்காற்று கிளம்புவதற்கு முன் ஒரு தடவையாவது போய் வரவேண்டும். இதுதான் இவர் கேட்டது. நாற்பது வருஷத்தில் இவர் வாய்விட்டுக் கேட்டது என்று யோசித்தால் இது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. ரசத்தில் உப்பு இல்லை என்றால்கூடக் கேட்க மாட்டார். எழுந்துபோய்த் தானே எடுத்துப் போட்டுக்கொள்வார்.

ஆனால் என் சம்மதம் இல்லாமல் வாங்க மாட்டேன் என்று ஒரு பிடிவாதம். "நீ முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கற படகுல நான் ஏறமாட்டேன்" என்றார். சரி, சம்மதம் என்றேன். ஒரே நிபந்தனை, அசையாத படகாக இருக்கவேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் பௌதிகம் படித்து பி.எஸ்சி. பட்டம் வாங்கியவள் சார். பாளையங்கோட்டையில் எங்கள் வகுப்பில் நாங்கள் நாலே பெண்கள். மிதவை விதிகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான், பரிசோதனைக்கு என்று ஒரு வெள்ளித் தம்ளரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிப் படகின் நடுவில் வைப்பது, ஆளை ஏறி உட்காரச் சொல்வது, தண்ணீர் சிந்தினால் அந்தப் படகு வேண்டாம். எவ்வளவு சுத்தமான பரிசோதனை பாருங்கள்.

முதலில் பார்த்தது சகாயராஜின் வத்தை. வத்தை என்றால் இந்தப் பக்கத்துச் சின்ன மரப்படகு. இந்தக் கரையிலேயே கிடந்தது. அவர் பெரிய ஃபைபர் படகுக்கு மாறியிருந்ததால் பழையதைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரல் மடித்து விளிம்பில் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. இவர் முகம் மலர்ந்துபோயிற்று. பலாப்பழம் வாங்குகிற மாதிரி தட்டிப் பார்த்து யாராவது படகு வாங்குவார்களா?

படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். முழங்கால் ஆழம். "ஏறி உக்காரு கோமு" என்றார் இவர். குறுக்கே இரண்டு பலகை. ஒன்றில் இவர் உட்கார்ந்திருந்தார், எதிர்ப் பலகையைக் காட்டினார். என் எடையை வைத்துச் சோதிக்கிறார் என்று புரிந்தது. வீட்டில் அரிசி மூட்டைக்கு அடுத்த கனம் நான்தானே. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்ளரையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். சார், அது ஆடியது பாருங்கள். தம்ளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். கரையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஐயோ, இது கவிழுமா?" என்று கத்தினேன்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சகாயராஜ் என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்தார். அவர் மனைவி லீமாதான் ஓடி வந்தாள்.

"என்ன வார்த்த சொல்லிப்புட்டீக! படிச்ச அம்மா நீங்க, படகு காதுபடச் சொல்லலாமா?"

படகின் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதாம் சார். 'சாயுதா' என்று கேட்கலாம், 'எப்படி நிக்கிது' என்று கேட்கலாம். அதை மட்டும் சொல்லக்கூடாது. நாற்பது வருஷம் இந்தக் கரையில் இருந்திருக்கிறேன், யாரும் எனக்குச் சொன்னதில்லை. படகைப் பற்றி என்னிடம் பேச யாருக்கு என்ன தேவை இருந்தது? லீமா ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், ஊற்றிக் கழுவினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "இனி இத விக்கிறதுக்கில்ல. சொன்ன வார்த்தையோட ஒருத்தர் கையில குடுத்தா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். சகாயராஜ், "சார், மன்னிச்சுக்கங்க" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். கத்தியது நான், மன்னிப்புக் கேட்டது அவர்.

வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நல்ல படகு" என்றார்.

"ஆடுச்சே" என்றேன்.

"நீ ஏறும்போது ஆடுச்சு. உக்காந்ததும் நின்னுருச்சு. ரெண்டு பேர் உக்காந்தா நல்லா நிக்கும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது உங்களுக்காகச் சொல்கிறேன், இதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பொருள் லேசாகச் சாய்ந்துவிட்டுத் தன் நிலைக்குத் திரும்பி வந்தால், அதற்குப் பெயர்தான் உறுதிச் சமநிலை. கிண்ணத்துக்குள் கோலி வைத்துப் படம் வரைந்து, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கரையில் நின்றபோது கிண்ணமும் வரவில்லை, கோலியும் வரவில்லை. தம்ளர் மட்டும்தான் கையில் இருந்தது.

அடுத்தது தொண்டியில். செய்யது என்று ஒரு தரகர். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஒடுக்கமான ஃபைபர் படகு, கிளிப்பச்சை நிறம். "அம்மா, இதுல ஏறி நீங்க டான்ஸே ஆடலாம்" என்றார். நீங்கள் ஆடிக் காட்டுங்கள் என்றேன். ஆடினார் சார்! கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குதித்தார். பிறந்ததிலிருந்து கடலில் நிற்கிற கால் அது. எதில் ஏற்றினாலும் நிற்கும். நான் படகு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இவரை ஏறச் சொன்னேன். இவர் ஒரு காலை வைத்ததும் படகு வணக்கம் சொல்வது போலச் சாய்ந்தது. தம்ளர் உருண்டு கடலுக்குள் போயிற்று. செய்யது முங்கி எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை நான் பாடம் கற்றவளாயிற்றே. அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நாசூக்காக, "இது படுத்துக்குமா?" என்று கேட்டேன்.

"வயசானா எல்லாரும் படுக்கத்தாம்மா செய்வோம்" என்றார் செய்யது.

இவர் சிரித்தார். வெகுநாள் கழித்து அப்படிச் சிரித்தார். அந்தப் பச்சைப் படகிலும் இரண்டு பலகைகள் இருந்தன. "கோமு, ஒரு தடவ நீயும்..." என்று ஆரம்பித்தார். ஒரு தம்ளர் கடலுக்குள் போனது போதும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியே மாசி போய்ப் பங்குனியும் பாதி போய்விட்டது. காலண்டரில் தேதி கிழிக்கும்போதெல்லாம் இவர் கொஞ்சம் நின்றுவிட்டுக் கிழிப்பார். ஒருநாள் செய்யது தானே வீடு தேடி வந்தார். "அம்மா, உங்க தம்ளருக்குன்னே ஒண்ணு கெடைச்சிருக்கு. ஆனா ஒண்ணு, அத நான் படகுன்னு சொல்லி விக்கமாட்டேன். பின்னால நீங்க என்னைய ஏசக்கூடாது."

உப்பளத்து வாய்க்காலில் மூட்டை ஏற்றுவதற்காகச் செய்தது. தட்டையான அடிப்பக்கம். பெட்டி மாதிரி நான்கு மூலை. வாய்க்காலில் அசையாமல் நிற்பதற்காகவே பிறந்தது. தம்ளரை வைத்தேன். இவரை ஏறச் சொன்னேன். நானும் கரையில் நின்றபடியே அதை ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை சார். என் பட்டத்தைத் திரும்பவும் வாங்கியது போல இருந்தது.

"எப்படி?" என்றேன்.

"சரி" என்றார்.

சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அவர் 'சரி' தெரியாதா?

அதில் ஒரே ஒரு பலகைதான். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் இவர் முதல் வேலையாக ஒரு தேக்குப் பலகையை இழைத்து, எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது இருக்கை அடித்தார். முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சேலை மாட்டக்கூடாதாம். படகில் சேலைக்கு என்ன வேலை? ஒற்றை ஆள் போகிற படகுக்கு இரண்டு இருக்கை எதற்கு, மீன்கூடை வைக்கவா, நாம் என்ன மீன் கொண்டுவரப் போகிறோம் என்று கேட்டேன். இவர் பலகையில் ஒட்டிய தூளை ஊதித் தள்ளினார். இடம் வீணாகப் போகிறதே என்று நான் அந்தப் பலகை மேலும் கீழும் தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். எதற்கும் ஒரு பாதுகாப்பு.

பங்குனிக் கடைசியில் வெள்ளோட்டம். மகன் கூரியரில் அனுப்பிய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை நானே மாட்டிவிட்டுப் பட்டையை இறுக்கினேன். இவர் துடுப்பை வலித்தார். படகு வட்டமாகச் சுற்றியது. இன்னும் பலமாக வலித்தார். இன்னும் வேகமாகச் சுற்றியது. தட்டையான அடிப்பக்கம், தண்ணீரைப் பிடிக்க ஒன்றும் இல்லை. லேசாகக் காற்று வந்ததும் கழுவிவிட்ட சாப்பாட்டுத் தட்டு மாதிரி அது பாட்டுக்குப் பக்கவாட்டில் போயிற்று. நண்டு வலை இழுக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? இறங்கிவிட்டார். எங்கள் கடல் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரை மைல் போனாலும் இடுப்பளவுதான். அந்த இடுப்பளவுத் தண்ணீருக்குத்தான் நான் தம்ளரும் தெர்மாகோலும் ஆரஞ்சுச் சட்டையுமாகப் படை திரட்டியிருந்தேன். இவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படகை இழுத்தபடி நடந்தார். அது கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது.

"சார் மாட்ட மேய்ச்சலுக்குப் பத்திட்டுப் போறாக!" என்று லீமா கத்தினாள். "அம்மா, பால் கறக்க எத்தன மணிக்கு வரட்டும்?"

சித்திரை முழுக்க அந்த மேய்ச்சல்தான். காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார். கொஞ்ச தூரத்தில் படகு மேல் ஏறி உட்கார்ந்து, தூண்டிலில் கோதுமை மாவு உருண்டையைக் கட்டிப் போடுவார். எப்போதாவது ஏமாந்த கிழங்கான் மீன் ஒன்று மாட்டினால் அதனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தண்ணீரில் விடுவார். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆரஞ்சுச் சட்டை தெரிகிறதா, தெரிகிறது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஒரு நாள்கூட அது சாயவில்லை சார். அதைப் பெருமையாகவே சொல்வேன்.

வைகாசியில் ஒரு காலை. கடல் அப்படியே உறைந்த மாதிரி கிடந்தது. இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கோமு, இன்னைக்குக் காத்தே இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. வாயேன், ஒரு சுத்து."

"எங்க உக்கார்றது? அதுதான் தெர்மாகோல் இருக்கே."

"அவுத்துட்டேன்."

எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மிதவையை அவிழ்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிறார். அன்றைக்குப் பார்த்து உளுந்து வேறு ஊறிக்கொண்டிருந்தது, கிரைண்டரில் போடவேண்டும். கரண்ட் போய்விட்டால்? லைன் இன்ஸ்பெக்டர் வீடு என்பதற்காகக் கரண்ட் போகாமல் இருக்குமா? மாவு ஆட்டணும், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே போனார்.

மாவை வழித்துவிட்டு மாடிக்குப் போனேன். நம் படகு கரையோரம் கட்டிக் கிடக்கிறது. ஆளைக் காணோம். ஆரஞ்சுச் சட்டை படகுக்குள் மடித்து வைத்திருக்கிறது. தூரத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், சகாயராஜின் அந்தப் பழைய வத்தை. இரண்டு பலகையிலும் இரண்டு பேர். ஒன்று வெள்ளைச் சட்டை. அங்கிருந்து, தண்ணீர் மேலேயே நடந்து வந்த மாதிரி, டொக், டொக், டொக். ஒரு மூச்சு விடும் நேரம். டொக், டொக்.

இவர் வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கேட்டுவிட்டேன். நாயாய் அலைந்து ஒரு அசையாத படகைத் தேடிக் கொடுத்திருக்கிறேன், அதைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டு, நான் எந்த வார்த்தையைச் சொல்லி வேண்டாம் என்றேனோ அதே படகில் போய் ஏறினால் என்ன அர்த்தம் என்றேன். எனக்குப் பயம் இல்லையா என்றேன். இவர் கால் மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"தட்டற சத்தம் மாடிக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதுக்கென்ன இப்ப?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றார். வடை சாப்பிட்டார். நன்றாக வந்திருக்கிறது என்றார்.

சகாயராஜ் பின்னால் ஒரு நாள் சொன்னார், அன்றைக்கு இவர் வலையே போட வேண்டாம் என்றாராம். "சும்மா தட்டுங்க, வீட்டுப் பக்கமாப் பாத்துத் தட்டுங்க" என்றாராம். வலை போடாமல் தட்டினால் மீன் எங்கே போகும்? பி.எஸ்சி. படித்தவள் எனக்கு விளங்கவில்லை, சகாயராஜுக்கும் விளங்கவில்லை. "சார் ஒரு தினுசும்மா" என்றார். ஒரு தினுசுதான். வைகாசி முடிந்தது, கச்சான் கிளம்பியது, மகன் காரோடு வந்துவிட்டான்.

நான் மட்டும் போன வருஷம் திரும்பி வந்துவிட்டேன். அங்கே லிஃப்டில் ஏறினால் தலை சுற்றுகிறது. காலையில் எழுந்தால் ஒரு சத்தமும் இல்லை, ஜன்னல் எல்லாம் இரட்டைக் கண்ணாடி. இங்கே வந்து பார்த்தால் முற்றம் முழுக்க இந்தப் பெட்டி. அதனால்தான் செய்யதிடம் சொல்லி வைத்தேன், யாராவது புதிதாகப் பழக வருகிறவர் கேட்டால் அனுப்புங்கள் என்று. அவர் உங்களிடம் இதைப் படகு என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், நேர்மையான மனிதர்.

எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் சகாயராஜிடம் போய்ப் பாருங்கள், அந்த வத்தை இன்னும் கிடக்கிறது. நான் அனுப்பினேன் என்று மட்டும் லீமாவிடம் சொல்லிவிடாதீர்கள். தம்ளர் எல்லாம் வேண்டாம். ஏறி உட்கார்ந்து பாருங்கள், ஆடினால் பயப்படாதீர்கள், ஆடி முடித்து நிற்கிறதா என்று பொறுத்துப் பாருங்கள்.

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டு அம்மாதானே? கூப்பிடுங்கள் அவரையும். படகில் இஷ்டமில்லை என்பாராக இருக்கும், நானும் அப்படித்தான். இருந்தாலும் கூப்பிடுங்கள். எதிர்ப்பக்கம் பாரத்துக்கு ஆள் வேண்டுமே சார், பௌதிகம் அது. இதில் இரண்டாவது பலகையும் இருக்கிறது, தேக்கு, இவர் அடித்தது. யாரும் உட்கார்ந்ததில்லை, இழைத்த மெருகுகூடப் போகவில்லை.

இவரா? பெங்களூருக்குப் போன அந்த ஆவணியிலேயே இறந்துவிட்டார். பதினோராவது மாடியில், மத்தியானத் தூக்கத்தில்.